காணி, பத்திரம், டாலர்: குடும்ப உடைமைக் கணக்குகள் குறித்துச் சில குறிப்புகள்

1

உலகில் வயது வந்தோரில் 2 சதம் பேரிடம் மொத்தக் குடும்பச் சொத்தில் பாதிக்கு மேல் குவிந்திருக்கிறது. அடியிலுள்ள பாதிப்பேரிடம் இருப்பது 1 சதம். 2000ஆம் ஆண்டு நிலவரமாக, ஹெல்சிங்கியிலுள்ள ஐ.நா. பல்கலைக்கழகத்தின் வைடர் நிறுவனம் 2006 டிசம்பரில் வெளியிட்ட கணக்கு இது. ஜேம்ஸ் டேவிஸ், சுசன்னா சாண்ட்ஸ்ட்ராம், அந்தோனி ஷாராக்ஸ், எட்வர்ட் உல்ஃப் என்ற நால்வர் செய்த வேலை. அமெரிக்காவில் தலைக்குச் சொத்து 1,44,000 டாலர், ஜப்பானில் 1,81,000 டாலர், இந்தியாவில் 1,100 டாலர் என்று அதில் வந்தது. 2010 முதல் இதே வகைக் கணக்கைக் கிரெடிட் சூயிஸ் வங்கி ஆண்டறிக்கையாகவே கொண்டுவந்தது. அவ்வறிக்கைகளுக்குப் பின்னாலும் டேவிஸும் ஷாராக்ஸும் இருந்தார்கள். 2023இல் அந்த வங்கியை விழுங்கிய யூபிஎஸ், அறிக்கையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது.

இந்த எண்கள் நம் மேடைகளுக்கு வந்து ரொம்ப நாளாகிறது. துண்டுப்பிரசுரம் எழுதுகிற தோழருக்கு 2 சதம், 50 சதம் என்பதைப் போல வசதியான வாக்கியம் வேறு கிடையாது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. பணக்காரர்களின் பணத்தை நிர்வகிப்பதே தொழிலாகக் கொண்ட ஒரு வங்கி, உலக ஏழைகளின் சொத்தை எதற்காக இவ்வளவு சிரத்தையோடு எண்ணுகிறது? வாடிக்கையாளன் எந்த நாட்டில் முளைக்கிறான் என்று பார்க்க என்பதுதான் நேரான பதில். நோக்கம் அதுவாக இருப்பதாலேயே எண் பொய்யாகிவிடாது. ஆனால் எதை எண்ணுவது, எதை விடுவது என்பதை நோக்கம்தான் தீர்மானிக்கிறது.

நான் பொருளாதாரம் படித்தவனில்லை. தமிழ் எம்.ஏ. சொற்களைப் பிரித்துப் பார்க்கிற வேலைதான் தெரியும். அந்த வேலையை இந்த அட்டவணைகளின் மேல் செய்து பார்க்கலாம் என்பதே இக்கட்டுரை. எந்த உடைமைக் கணக்கும் எண்ணத் தொடங்குமுன் மூன்று விஷயங்களை முடிவு செய்துவிடுகிறது: எது குடும்பம், எது உடைமை, எது விலை. இந்த மூன்று முடிவுகளும் நான் வசிக்கிற தாம்பரத்தையும் அதைச் சுற்றியுள்ள பழைய செங்கல்பட்டுச் சீமையையும் இருநூற்றைம்பது வருடங்களாகப் பாதித்து வந்திருக்கின்றன. பல தேசங்கள் கணக்கெடுக்கப்படுவதற்கு முன்பே எண்ணப்பட்ட மண் இது.

2

முதலில் சொற்கள். 'காணி' என்பது தமிழில் ஒரு பின்னம்: எண்பதில் ஒரு பங்கு. அதுவே ஒரு நில அளவு: செங்கல்பட்டு வழக்கில் சுமார் 1.32 ஏக்கர். அதுவே ஓர் உரிமை: காணியாட்சி. காணி உடையவன் காணியாளன். பாரசீக, அரபு அலுவல் மொழி வழியாக அவன் மிராசுதார் ஆனான். பின்னமும் அளவும் உரிமையும் ஒரே சொல்லில் கிடப்பது தற்செயலானதல்ல. ஊர் என்ற முழுமையில் ஒருவனுக்குள்ள பங்குதான் அவன் உடைமை. 'இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை' என்பது அப்புறம்தான்.

'மனை' என்ற சொல்லின் பயணமும் இப்படித்தான். வீடு, இல்லறம், அதிலிருந்து மனைவி என்றெல்லாம் விரிந்த சொல், இன்று பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை சாலையோரப் பலகைகளில் 'மனைப்பிரிவு' என்று நிற்கிறது. குடும்பத்தைக் குறித்த சொல் குடும்பமே இல்லாத காலியிடத்தைக் குறிக்க வந்துவிட்டது. சொத்துக் கணக்கின் சரித்திரத்தை இந்த ஒரு சொல்லை வைத்தே சொல்லிவிடலாம்.

1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வாங்கியவர்களுக்குத் தாம் என்ன வாங்கினோம் என்று தெரியவேண்டியிருந்தது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767லிருந்து 1774 வரை சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். ஊரின் மொத்த நிலம், நன்செய், புன்செய், ஏரி, தோப்பு, மலை, தரிசு, சாதி, தொழில் வாரியாக வீடுகள் என்று விவரம் திரட்டப்பட்டது. விளைச்சலைப் பங்கிடுமுன் கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வெட்டியானுக்கு, கோயிலுக்கு, சத்திரத்துக்கு எவ்வளவு போகிறது என்பதையும் எழுதினார்கள். ஊர்க்கணக்கர்களின் ஓலைகள் இதற்கு அடிப்படை.

இந்த ஆவணங்களைத் தரம்பாலும், அவரைத் தொடர்ந்து ஜிதேந்திர பஜாஜ், எம்.டி. சீனிவாஸ் ஆகியோரும் சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தின் வழியாக வெளிக்கொணர்ந்தார்கள். அவர்களுடைய வாசிப்பு: வெள்ளைக்காரன் வருமுன் இங்கே விளைச்சல் ஏராளம், ஊரிலுள்ள ஒவ்வொருவருக்கும் விளைச்சலில் பங்கு இருந்தது, அதைக் கலைத்தது காலனிய வரிமுறை. பஞ்சமும் வறுமையும்தான் இந்தியா என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஓர் அதிர்ச்சி. அந்த அதிர்ச்சி தேவையானதும்கூட.

ஆனால் பர்னார்டின் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாம் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. பங்கு இருந்தது, சரி. காணி யாருக்கு இருந்தது? வெட்டியானுக்குக் களத்தில் அளந்து போட்டார்கள் என்பதையும் மிராசுதாருக்கு ஊரில் பங்கு இருந்தது என்பதையும் ஒரே 'பங்கு' என்ற சொல்லால் சொல்லும்போது என்ன நடக்கிறது? ஒன்று வருமானம், மற்றது உடைமை. முன்னது வேலை செய்தால்தான் வரும். பின்னது தூங்கினாலும் வரும், செத்தால் மகனுக்குப் போகும். இன்றைய புள்ளியியல் இவ்விரண்டையும் கறாராகப் பிரிக்கிறது. பாரம்பரியத்தைப் போற்றுகிற வாசிப்பு அந்தப் பிரிவினையை அழித்துவிடுகிறது.

3

பர்னார்டு வேலையை முடித்த 1774 என்ற வருடத்தில் அட்லாண்டிக்குக்கு அப்பால் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஆலிஸ் ஹான்சன் ஜோன்ஸ் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர், விடுதலைக்கு முந்தைய அமெரிக்கக் குடியேற்றங்களில் இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்களைச் சேகரித்து, 1774ஆம் ஆண்டில் அங்கே ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு சொத்து இருந்தது என்று கணித்தார். 1980இல் அவரது நூல் வந்தது. இறந்தவனின் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் போய்ப் பானை, கட்டில், ஏர், மாடு என்று எழுதி விலை போட்டு நீதிமன்றத்தில் கொடுப்பது அங்கே வழக்கம். அந்தப் பட்டியல்களில் மாட்டுக்கு அடுத்த வரியில் பெயரும் விலையும் போட்டு மனிதர்கள் இருக்கிறார்கள். அடிமைகள்.

சுதந்திரமான வெள்ளையர்களின் சராசரிச் சொத்தில் தென்பகுதிக் குடியேற்றங்களே முதலிடம் பெறுகின்றன. அடிமைகளின் 'விலை'யைக் கழித்துவிட்டால் அந்த முன்னணி வெகுவாகக் குறைகிறது. அடிமைகளையும் மனிதத் தலைகளாகச் சேர்த்து வகுத்தால் இன்னும் குறைகிறது. ஆக, ஒரே பட்டியல், ஒரே கூட்டல். வகுக்கும் எண்ணில் யாரைச் சேர்ப்பது, தொகுக்கும் எண்ணில் யாரைச் சேர்ப்பது என்பதைப் பொறுத்துப் பணக்காரப் பிரதேசம் மாறுகிறது.

செங்கல்பட்டில் இறந்தவன் வீட்டைப் பட்டியலிட்டு நீதிமன்றத்தில் கொடுக்கும் வழக்கம் கிடையாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பினி அதிகாரிகள் விசாரித்தபோது, மிராசுதார்கள் தங்கள் பறையர் பண்ணையாட்களைக் காணியோடு சேர்ந்த உரிமையாகவே பேசினார்கள். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வரை கோர்ட்டும் அந்த உரிமையை அங்கீகரிக்க இடமிருந்தது. அதாவது பர்னார்டு வீட்டுக் கணக்கு எழுதிய அதே ஊர்களில் சில வீடுகள் குடும்பங்கள் என்ற கணக்கிலும், வேறு குடும்பங்களின் உடைமை என்ற கணக்கிலும் ஒரே சமயத்தில் இருந்தன. தென் கரோலினாவையும் தொண்டை மண்டலத்தையும் ஒப்பிட விரும்பும் பொருளாதார வரலாற்றாசிரியர் தொடங்கவேண்டிய இடம் இதுதான். ஒப்பீடு என்றால் ரூபாயை டாலராக்குவது மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு இது தெரியாது.

விலை பற்றிய சண்டையும் நம் பக்கத்து மண்ணை வைத்தே நடந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய நெசவாளியும் கூலியாளும் பிரிட்டிஷ் தொழிலாளியைவிட மோசமாக வாழவில்லை என்று பிரசன்னன் பார்த்தசாரதி 1998இல் வாதிட்டார். கூலியைத் தானியமாக அளந்தால் இருவரும் ஏறத்தாழ ஒரே தட்டில் நிற்கிறார்கள் என்பது அவர் கட்சி. ஸ்டீபன் பிராட்பெர்ரி, பிஷ்ணுப்ரியா குப்தா இருவரும் 2006இல் மறுத்தார்கள்: கூலியை வெள்ளியாக அளந்து பாருங்கள், இந்தியா வெகுவாகப் பின்தங்கி நிற்கிறது என்றார்கள். அரிசியில் அளந்தால் சமம், வெள்ளியில் அளந்தால் ஏழை. இன்றைக்கு 'வாங்கும் திறன்' என்றும் 'நாணயமாற்று விகிதம்' என்றும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நடக்கிற விவாதத்தின் பழைய உருவம் இது. இந்தியக் குடும்பத்தின் சொத்தை டாலரின் சந்தை விலையில் மாற்றினால் ஓர் எண். அதே சொத்தைக் கொண்டு இங்கே வாங்கக்கூடிய அரிசி, துணி, ஆட்கூலியை வைத்து மாற்றினால் பல மடங்கு பெரிய எண். இரண்டில் எது உண்மை என்று கேட்பதைவிட, எந்தக் கேள்விக்கு எது பதில் என்று கேட்பதே சரி. லண்டனில் ஃபிளாட் வாங்கப் போகிறவனுக்கு வெள்ளிக் கணக்கு. சேலையூர் மார்க்கெட்டில் காய் வாங்கப் போகிறவளுக்கு அரிசிக் கணக்கு.

4

1876இல் தாதாபாய் நவ்ரோஜி இந்தியனின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று கணக்கிட்டார். வருமானக் கணக்குதான், உடைமைக் கணக்கு அல்ல. ஆனாலும் அவர் செய்த ஒப்பீட்டை நாம் மறக்கக் கூடாது. 20 ரூபாயை அவர் சிறைக்கைதியின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் சர்க்கார் செய்யும் செலவின் பக்கத்தில் வைத்தார். குற்றவாளிக்குக் கிடைப்பதுகூட சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்காது என்று காட்டினார். எந்த எண்ணின் பக்கத்தில் எதை வைப்பது என்பதில் ஓர் அரசியல் மேதைமை வேண்டும். நவ்ரோஜிக்கு அது இருந்தது.

இருந்தாலும் அவருடையது சராசரி. சராசரிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அனுப்பிய குறிப்பு அந்தச் சராசரியை உடைத்துக் காட்டியது. சேரி மனிதனுக்கு நிலம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. குடியிருக்கிற இடமே அவனுடையது இல்லை என்பதை அவர் முக்கியமாகக் கவனித்தார். சேரியின் மனை மிராசுதாருடையது; எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிடுங்கிக்கொண்டு போகவேண்டும். கையில் காசு சேர்ந்து தரிசு நிலத்துக்குத் தர்க்காஸ்து கொடுத்தாலும் விதிப்படி மிராசுதாருக்கே முன்னுரிமை. உடைமையின்மை என்பது வெறும் பூஜ்யமல்ல, இன்னொருவனின் கையிலுள்ள ஆயுதம் என்பதை ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் கோப்பு பாஷையில் எழுதிவைத்திருக்கிறார். யூஜீன் இர்ஷிக் 1994இல் வெளியிட்ட 'டயலாக் அண்ட் ஹிஸ்டரி' இந்தச் சீமையின் நூறு வருட விவாதத்தை விரிவாகப் பேசுகிறது.

இதன் தொடர்ச்சியாகத்தான் 1892ஆம் ஆண்டின் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது, அப்புறம் விற்றாலும் தலித்துக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1994 அக்டோபர் 10 அன்று, இதே செங்கல்பட்டில், காரணையில் பஞ்சமி நிலம் கேட்ட போராட்டத்தின் மேல் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்துப்போனார்கள்.

இப்போது ஒரு குடும்பச் சொத்துக் கணக்கெடுப்பாளர் இந்த நிலத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்பது, 'உங்களுக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது?' கைப்பற்றியவன் சொல்கிறான், மூன்று ஏக்கர். எழுதிக்கொள்கிறார். பறிகொடுத்தவன் சொல்கிறான், இல்லை. எழுதிக்கொள்கிறார். அட்டவணையில் ஒருவன் பணக்காரன், ஒருவன் ஏழை. இருவருக்கும் நடுவிலுள்ள உறவு எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை. சமமின்மை தெரிகிறது, அபகரிப்பு தெரிவதில்லை.

5

2013 ஏப்ரலில் ஐரோப்பிய மத்திய வங்கி யூரோ நாடுகளின் குடும்பச் சொத்துக் கணக்கை முதல் தடவையாக வெளியிட்டபோது ஒரு வேடிக்கை நடந்தது. வரிசையின் நடுவில் நிற்கும் ஜெர்மன் குடும்பத்தின் நிகரச் சொத்து 51,400 யூரோ. கிரேக்கக் குடும்பத்துக்கு 1,01,900. ஸ்பானியக் குடும்பத்துக்கு 1,82,700. சைப்ரஸ் குடும்பத்துக்கு 2,66,900. அதற்கு முந்தைய மாதம்தான் சைப்ரஸ் திவாலாகும் நிலைக்குப் போய்க் கடன் வாங்கியிருந்தது. 'எங்களைவிடப் பணக்காரர்களுக்கு நாங்கள் ஏன் கடன் கொடுக்கவேண்டும்?' என்று ஜெர்மன் பத்திரிகைகள் கொதித்தன.

என்னய்யா கணக்கு இது என்று தோன்றும். கணக்கில் தப்பில்லை. ஜெர்மானியரில் சொந்த வீடு உள்ள குடும்பங்கள் பாதிக்கும் குறைவு. ஏனென்றால் அங்கே வாடகைக்குக் குடியிருப்பவனைச் சட்டம் காக்கிறது. வீட்டுக்காரன் நினைத்தவுடன் சாமானைத் தெருவில் எறிய முடியாது. முதுமைக்கு அரசு ஓய்வூதியம் இருக்கிறது. ஆனால் அந்த ஓய்வூதிய உரிமை சொத்துக் கணக்கில் பூஜ்யம். அது போக, சைப்ரஸில் ஒரு கூரையின் கீழ் இருப்பவர்கள் அதிகம், ஜெர்மனியில் தனித்து வாழ்பவர்கள் அதிகம். குடும்பம் என்ற அலகே வேறு. இன்னொன்றும் உண்டு. ஜெர்மனியின் செல்வம் மேலே குவிந்து கிடப்பதால் நடுவில் நிற்பவன் கையில் கொஞ்சமாகத் தெரிகிறது; சராசரியை எடுத்தால் படம் மாறும்.

இதிலிருந்து நமக்கு என்ன? அரசு கொடுக்கிற பாதுகாப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குக் குடும்பம் சொத்துச் சேர்க்கவேண்டிய அவசியம் குறைகிறது. அட்டவணையில் அந்தக் குடும்பம் 'ஏழை'யாகிறது. அரசு கைவிடக் கைவிட, மகள் கல்யாணத்துக்கு நகை, மகன் படிப்புக்கு மனை, ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சீட்டு என்று குடும்பம் சேர்க்கிறது. அட்டவணையில் அது ஏறுகிறது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்பு ஓய்வூதியம் என்றானது. அதற்கு முன்னால் சேர்ந்தவரின் ஓய்வூதிய உரிமை எந்தச் சொத்துக் கணக்கிலும் வராது. பின்னால் சேர்ந்தவரின் கணக்கில் கிடக்கும் தொகையோ சொத்தாக எண்ணத்தக்கது. காகிதத்தில் பார்த்தால் இளையவர்தான் வசதிக்காரர். இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள், யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள் என்று.

6

இந்தியாவில் இந்தக் கணக்குக்கு மூலம், ரிசர்வ் வங்கி 1951-52இல் நடத்திய கிராமியக் கடன் ஆய்வு. கடன் எவ்வளவு என்று கேட்கப் போனவர்கள், திருப்பிக் கொடுக்கச் சொத்து இருக்கிறதா என்றும் கேட்டார்கள். சுமார் பத்து வருடத்துக்கு ஒருமுறை அது தொடர்ந்து, கடன் மற்றும் முதலீட்டு ஆய்வு என்ற பெயரில் தேசிய மாதிரி ஆய்வின் கைக்கு வந்தது. 2019இல் எடுத்த கணக்குப்படி சராசரிக் கிராமக் குடும்பத்தின் சொத்து சுமார் 15.92 லட்ச ரூபாய், நகரக் குடும்பத்தின் சொத்து சுமார் 27.17 லட்ச ரூபாய். இதில் நிலமும் கட்டடமும் மட்டும் கிராமத்தில் 91 சதம், நகரத்தில் 87 சதம். தருண் ராமதுரை தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2017இல் பல நாடுகளோடு ஒப்பிட்டபோது, இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 77 சதம் நிலமும் வீடும், 11 சதம் தங்கம், 5 சதம்தான் வங்கி, பங்கு போன்ற நிதிச்சொத்து என்று சொன்னது. குழுவின் பார்வையில் இது ஒரு நோய்: இந்தியன் மண்ணிலும் பொன்னிலும் பணத்தை முடக்குகிறான், அவனை நிதிச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆக, நம்மூர்க் குடும்பத்தின் சொத்து என்றால் மண். இனி தாம்பரத்துக்கு வரலாம். 1931இல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம், 1937இல் சேலையூர்க் காட்டுக்குள் வந்த கிறித்தவக் கல்லூரி, விமானப்படைத் தளம், 1984இல் மெப்ஸ், 2021இல் மாநகராட்சி. ஒவ்வொன்றும் பக்கத்து ஏரிப்பாசன நிலத்தை மனையாக்கின. ஏரியின் ஆயக்கட்டு மனையானது. பிறகு ஏரியே மனையானது. பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி போனது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு தன் பழைய இடத்தைத் தேடி வந்தபோது, சொத்து என்று எழுதப்பட்டிருந்தது எதன் மேல் எழுதப்பட்டிருந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. சதுர அடி 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1 கோடியே 20 லட்சம். டாலருக்கு 80 ரூபாய் என்று வகுத்தால் 1,50,000 டாலர். கிரெடிட் சூயிஸ் வரைந்த உலகச் சொத்துப் பிரமிடில் 1,00,000 டாலரைத் தாண்டினால் உச்சிக்கு அடுத்த தட்டு. 1970களில் மலிவாகக் கிடைத்த ஒரு கிரவுண்டில் வீடு கட்டிய ரயில்வே தொழிலாளியின் விதவை அந்தத் தட்டில் உட்கார்ந்திருக்கிறார். கண் ஆபரேஷனுக்கு இரண்டு பவுன் வளையலை அடகு வைக்கிறார். பெர்லினில் வாடகை வீட்டில் ஓய்வூதியத்தோடு வாழும் முதியவள் அவருக்கு இரண்டு தட்டு கீழே. இந்த ஒப்பீட்டில் எந்த எண்ணும் பொய்யில்லை என்பதுதான் விஷயம்.

அந்த விலையும் யார் போட்டது? 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதம் குறைத்தது. வழிகாட்டி மதிப்பை வைத்துச் சொத்தைக் கணக்கிட்டால், மாநிலத்தில் ஒவ்வொரு நிலக்காரரும் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு சொத்தை இழந்தார்கள். யாருக்கும் ஒன்றும் குறையவில்லை.

எங்கள் பகுதியில் ஏரியை ஒட்டிக் குடியிருக்கும் ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: 'பத்திரம் என் பேர்லதான் சார் இருக்கு. வீட்டு வரி கட்றேன், கரண்ட் பில் கட்றேன், தண்ணி வரி கட்றேன். பட்டா மட்டும் ஏரி பேர்ல இருக்கு.' இவருடைய வீடு உடைமையா இல்லையா? அவர் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். விற்றவன் யார் என்று இப்போது தெரியாது. பத்திரம், பட்டா, நத்தம், புறம்போக்கு, மேய்க்கால், பி மெமோ என்று உடைமைக்கு இங்கே எத்தனையோ படிநிலைகள். அட்டவணைக்கோ 'உண்டு', 'இல்லை' இரண்டுதான். 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகளை இடித்தார்கள். நேற்று சொத்து, இன்று ஆக்கிரமிப்பு. பெருநிறுவனங்கள் சதுப்பின் மேல் எழுப்பிய கட்டடங்களுக்கு அந்த இரண்டாம் சொல் வந்து சேர்வதில்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தெற்கு ஓரத்தில் கொண்டுபோய்க் குவிக்கப்பட்டவர்கள் கையிலிருப்பது ஒதுக்கீட்டு ஆணை. சேரியின் மனை யாருடையது என்று 1891இல் எழுந்த கேள்வி இருபத்தோராம் நூற்றாண்டில் எட்டு மாடி உயரத்துக்கு வந்திருக்கிறது.

அதே அனகாபுத்தூரில்தான் ஒருகாலத்தில் நைஜீரியாவுக்குப் போகும் 'மெட்ராஸ் கைக்குட்டை'த் துணியை நெய்தார்கள். நைஜீரியாவில் இறக்குமதித் தடை வந்ததும் அந்தச் சந்தை போயிற்று. சொத்துப் படிவத்தில் தறிக்கு ஒரு வரி உண்டு. மரத்தின் விலை எழுதலாம். கைக்கு வரி இல்லை.

7

குடும்பம் என்ற அலகுக்குள்ளும் போகவேண்டும். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் குடும்பம் என்பது கணக்கெடுப்பின் வரையறை. அடுப்பு யாருடைய பொறுப்பு என்று தெரியும். வீடு யார் பேரில் இருக்கிறது என்பது அந்த வரையறையில் தெரியாது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கு ஆணோடு சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் அதற்கேற்பத் திருத்தப்பட்டது 1989இல்; அறுபது வருடம். அதுவும் அப்போது கல்யாணமாகியிருந்த மகள்களை விட்டுவிட்டு. பெண் கையில் சொத்தாக வந்தது பெரும்பாலும் நகைதான். முதலில் அடகுக் கடைக்குப் போவதும் அதுதான். ராமதுரை குழு 'முடங்கிய பணம்' என்று பார்த்த 11 சதத் தங்கம், பல வீடுகளில் பெண் தன்னுடையது என்று சொல்லக்கூடிய ஒரே வரி. 'தங்கத்தை விற்றுப் பங்கு வாங்கு' என்ற ஆலோசனை யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு எதை மாற்றும் என்று குழு கேட்டதாகத் தெரியவில்லை.

கீழே இவ்வளவு நெருக்கமாக எண்ணுகிற கணக்கு மேலே போகப்போக மங்கலாகிவிடுகிறது. மாதிரி ஆய்வில் பெருங்கோடீஸ்வரன் சிக்குவதில்லை, சிக்கினாலும் சொல்வதில்லை. முன்பு எஸ்டேட் வரி இருந்தது, 1953 முதல் 1985 வரை. கால்டோர் சொன்னபடி 1957இல் வந்த சொத்துவரியை 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். வசூல் கொஞ்சம், செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். வரி போனதோடு பதிவேடும் போனது. எனவே உச்சி 1 சதத்திடம் நாட்டின் சொத்தில் 40.1 சதம் இருக்கிறது என்று 2022-23க்கு நிதின் பாரதி, லூகாஸ் சான்செல், தாமா பிக்கெட்டி, அன்மோல் சோமாஞ்சி ஆகியோர் 2024இல் கணித்தபோது, பத்திரிகைகள் போடும் கோடீஸ்வரர் பட்டியலையும் துணைக்கு எடுக்கவேண்டியிருந்தது. விதவையின் வளையலுக்குச் சர்க்கார் படிவம். கோடீஸ்வரனுக்குப் பத்திரிகைப் பட்டியல்.

8

எண்களைத் தூக்கியெறிய வேண்டும் என்பது என் கட்சியல்ல. எல்லாப் புள்ளிவிவரமும் அதிகாரத்தின் சொல்லாடல்தான் என்று சொல்லிவிட்டுக் கைகழுவுவது நம் வட்டாரத்தில் சுலபமாகிவிட்டது. டிரமென்ஹீரின் கோப்பு அதிகாரத்தின் சொல்லாடல்தான். அதை வைத்துத்தான் நூறு வருடம் கழித்துக் காரணையில் மனிதர்கள் நிலம் கேட்டார்கள். எண்ணப்படாதவன் கேட்க முடியாது. எண்ணுகிற முறையின் மேல் பிடி இல்லாதவன் கேட்டும் பயனில்லை. அதனால்தான் முறையைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

நாடுகளை ஒப்பிடும் அட்டவணையை மேடையில் படிக்கும் தோழர் மூன்றைக் கேட்டுவிட்டுப் படிக்கலாம். இது சராசரியா, நடுவில் நிற்பவரின் எண்ணா? டாலரா, அரிசியா? ஓய்வூதியம், ரேஷன், அரசு ஆஸ்பத்திரி, வாடகைச் சட்டம் ஆகியவை இதில் எங்கே? பொதுவில் இருப்பதைப் பூஜ்யம் என்று எழுதும் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டால், பொதுவில் இருப்பதை விற்பது குடும்பங்களைப் பணக்காரராக்கும் என்ற முடிவுக்கு நாமே போய்ச் சேருவோம். ஏரிக்கு அட்டவணையில் விலையில்லை, மனையாக்கினால் உண்டு.

வங்கிகளின் அறிக்கைக்குக் காத்திருக்காமல் நாமே தொடங்கக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் 'அ' பதிவேடு உண்டு. எது பட்டா, எது ஏரி, எது மேய்க்கால், எது நத்தம், எது நிபந்தனை நிலம் என்று புல எண் வாரியாக அதில் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் வந்து இருபது வருடமாகிறது. சேலையூர், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பம்மல், அனகாபுத்தூர், திருநீர்மலை, முடிச்சூர் என்று கிராமம் கிராமமாக அந்தப் பதிவேட்டை வாங்கி, இன்று அந்தப் புல எண்களில் என்ன நிற்கிறது என்று பக்கத்துப் பத்தியில் எழுதினால், தென்சென்னைப் புறநகரின் உடைமை வரலாறு முதல் தடவையாக அபகரிப்புப் பத்தியோடு சேர்ந்து கிடைக்கும். மாடம்பாக்கத்துக்கு மட்டும் நானும் இரண்டு நண்பர்களும் தொடங்கியிருக்கிறோம். மற்ற ஊர்களை எடுத்துக்கொள்கிறவர்கள் இதழுக்கு எழுதவும்.